மீன் தொட்டிக்கு வீட்டிலேயே பிவிசி சைஃபன் ஓவர்ஃப்ளோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் மீன் வளர்ப்பவர்கள் பலரும் முதலில் தொட்டியை வாங்கிவிடுகிறோம். ஃபில்டரைப் பற்றிய யோசனை மீன் பெருத்த பிறகுதான் வருகிறது. அதற்குள் தொட்டி ஹாலில் ஸ்டாண்டின் மேல் ஏறி, தண்ணீர் நிரம்பி, அசைக்க முடியாத சாமானாகியிருக்கும். அப்படி நிற்கிற தொட்டியில் கண்ணாடியைத் தொடாமல், ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு ஃபில்டர் தொட்டி வைத்து ஓட்ட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கணக்கெல்லாம் 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டிக்குப் போட்டது. உங்கள் தொட்டி வேறு அளவென்றால் அதே வழியில் நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

கேள்விகள் பல இருந்தாலும் நான் வற்புறுத்துவது ஒன்றைத்தான். சைஃபன் என்றாவது ஒருநாள் அறுந்தாலும், அதாவது பைப்பில் காற்று புகுந்து ஓட்டம் நின்றாலும், தரை நனையாதபடி தண்ணீரை லிட்டர் கணக்கில் அளந்து வைத்திருக்க வேண்டும்.

சைஃபன் ஓவர்ஃப்ளோ என்றால் என்ன? அதை ஏன் வைக்க வேண்டும்?

மாடக்குளம் கண்மாயோ வண்டியூர் கண்மாயோ நிறைந்தால் கலுங்கு வழியே மறுகால் பாய்கிறது. கலுங்கின் உயரம்தான் கண்மாயின் நீர்மட்டம். அதற்கு மேல் எவ்வளவு வந்தாலும் வழிந்துவிடும். மீன் தொட்டியிலும் ஓவர்ஃப்ளோவின் வேலை இதுதான். கீழ்த்தொட்டியிலிருந்து மோட்டார் மேலே அனுப்புகிற தண்ணீர் அதே அளவில் தானாக வழிந்து திரும்பக் கீழே வரவேண்டும்.

கலுங்கு கரையிலேயே வெட்டப்பட்டிருக்கும். துளையில்லாத கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் விளிம்பைத் தாண்டி ஏறித்தான் வெளியே வரமுடியும். அந்த ஏற்றத்துக்குத்தான் சைஃபன்.

இதில் கிடைக்கிற பெரிய லாபம் மேல்மட்டத் தண்ணீர் எடுபடுவது. உணவின் எண்ணெய், தூசி எல்லாம் சேர்ந்து தண்ணீரின் மேல் ஒரு மெல்லிய படலமாக நிற்கும். டியூப் லைட் வெளிச்சத்தில் பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் தெரியும். ஓவர்ஃப்ளோ ஓட ஆரம்பித்ததும் அந்தப் படலம் மெல்ல நகர்ந்து, பைப்பின் வாயருகே சுருங்கி, நூல் நூலாக உள்ளே இறங்கிவிடும். தொட்டிக்குள் வைக்கிற சாதாரண பவர் ஃபில்டர் அடியில் இருந்து உறிஞ்சுவதால் இந்தப் படலத்தைத் தொடுவதே இல்லை.

கண்ணாடியில் துளை போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே?

இல்லைதான். புதிதாகத் தொட்டி செய்யக் கொடுக்கிறீர்கள் என்றால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு, துளையோடு செய்து தரச் சொல்லுங்கள். துளை வழியே இறங்கும் தண்ணீருக்குச் சைஃபனே வேண்டாம். அறுந்து போகவும் எதுவும் இல்லை. ஏற்கெனவே இருக்கிற தொட்டியையும் காலி செய்து, சாதாரணக் கண்ணாடியாக இருந்தால், வைரத்தூள் பிட் போட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே துளைக்கலாம். டஃபண்ட் (சூடாக்கி உறுதியாக்கிய) கண்ணாடி என்றால் கூடாது. பிட் பட்ட மாத்திரத்தில் முழுப் பலகையும் பொடிப்பொடியாக உதிரும். எந்தக் கண்ணாடி என்று உறுதியாகத் தெரியாவிட்டால் துளைக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். இப்படித் துளைக்க முடியாதவர்களுக்குத்தான் சைஃபன்.

தண்ணீர் எப்படி மேலே ஏறுகிறது?

விளிம்பைத் தாண்டி வளைந்த பைப்பில் இருக்கும் காற்றை எடுத்துவிட்டால், இரண்டு பக்கத் தண்ணீரின் மேலும் அழுத்துகிற வெளிக்காற்று தண்ணீரை மேலே தள்ளி இரண்டையும் சேர்த்துவிடும். சேர்ந்த பிறகு இரண்டு பக்க மட்டமும் ஒன்றாகும்வரை உயர்ந்த பக்கத்திலிருந்து தாழ்ந்த பக்கத்துக்கு ஓடும். கொள்கை அளவில் 10 மீட்டர் உயரம்வரை ஏற்றலாம். நமக்கு ஒரு சாண்கூட வேண்டாம்.

இதில் மனதில் நிறுத்த வேண்டியது இதுதான்: மட்டம் ஒன்றானதும் ஓட்டம் நிற்கும், ஆனால் பைப் காலியாகாது. மறுபடி உள்ளே மட்டம் உயர்ந்தால் தானே ஓட ஆரம்பிக்கும்.

பைப்பின் வடிவம் எப்படி இருக்க வேண்டும்?

மூன்று வளைவுகள். தொட்டிக்குள் ஒரு யு வளைவு, விளிம்பின் மேல் கவிழ்த்த யு, வெளியே இன்னொரு யு.

உள் யு: ஒரு கால் மேலே வந்து தண்ணீரின் மேல்மட்டத்தில் வாய் திறந்து நிற்கும். மற்றக் கால் ஏறி விளிம்பைத் தாண்டும். வாய் திறந்த அந்தக் காலின் விளிம்புதான் உங்கள் தொட்டியின் கலுங்கு. வெளியே ஏதாவது உடைந்தாலும் அந்த வாய்க்குக் கீழே தொட்டித் தண்ணீர் இறங்காது. சிலர் இதைத் தவிர்த்து, நேராக ஒரு பைப்பைத் தண்ணீருக்குள் இறக்கிவிடுகிறார்கள். அதுவும் ஓடும். ஆனால் மேல்படலம் எடுபடாது, வெளி வளைவில் ஒரு கசிவு வந்தால் அந்தப் பைப்பின் நுனிவரை தொட்டி காலியாகும். இரண்டு எல்போ (பைப்பை வளைத்துச் சேர்க்கும் முழங்கை இணைப்பு) மிச்சம் பிடிப்பதற்காக இந்தக் காப்பை விடவேண்டாம்.

வெளி யு: விளிம்பைத் தாண்டிய பைப் கீழே இறங்கி, திரும்பி, மேலே ஏறி ஒரு டீயில் (T வடிவ, மூன்று வாயுள்ள இணைப்பு) முடியும். டீயின் மேல்வாய் திறந்திருக்கும். பக்கவாயில் ஒரு எல்போ போட்டுப் பைப் கீழ்த்தொட்டிக்கு இறங்கும். பக்கவாயின் அடிவிளிம்பு, உள்வாயின் விளிம்பைவிடச் சில செ.மீ. தாழ்வாக இருக்க வேண்டும். அந்த வித்தியாசம்தான் தண்ணீரை ஓட்டுகிற சக்தி.

உள் யு, வெளி யு இரண்டின் அடியும் நீர்மட்டத்துக்கு 20, 25 செ.மீ. கீழே இருக்கட்டும். ஓட்டம் நின்றதும் உள்காலில் இருக்கிற தண்ணீர் வெளி டீயின் மட்டம்வரை இறங்கும். உள் யு ஆழமில்லாமல் இருந்தால் அந்த இறக்கத்திலேயே காற்று உள்ளே புகுந்து சைஃபன் அறுந்துவிடும்.

டீயின் மேல்வாயை மூடிவிடலாமா? பார்க்க அசிங்கமாக இருக்கிறது.

மூடவே கூடாது. இந்த அமைப்பில் எனக்குத் தெரிந்து மிக மோசமான மாற்றம் இதுதான். அந்த வாய் திறந்திருப்பதால்தான் சைஃபன் டீயோடு முடிகிறது. அதற்குக் கீழே தண்ணீர் சும்மா வழிந்து இறங்குகிறது. மூடிவிட்டால் கீழ்த்தொட்டிவரை நீளமான ஒரே சைஃபனாகிவிடும். மூன்றடி இறக்கத்தின் இழுப்பில் உள்காலை நொடியில் உறிஞ்சித் தீர்த்து, காற்றை இழுத்து, அறுந்துவிடும். மோட்டாரோ மேலே ஊற்றிக்கொண்டே இருக்கும். பல்லி, கரப்பான் விழும் என்று பயமிருந்தால் கொசுவலைத் துண்டை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள்.

எந்த அளவு பைப் எடுப்பது? பெரிதாக எடுத்தால் பாதுகாப்புதானே?

பலரும் அப்படித்தான் நினைத்து ஒன்றரை இன்ச் வாங்கி வருகிறார்கள். சைஃபனில் பைப் தேவைக்கு மேல் பெரிதானால் தண்ணீர் மெதுவாக நகரும். மெதுவாக நகர்ந்தால் உள்ளே வரும் சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகளை அடித்துக்கொண்டு போகமாட்டாது. அவை உச்சி வளைவில் போய்த் தங்கி ஒன்றுசேர்ந்து ஒருநாள் பைப்பையே அடைத்துவிடும்.

முதலில் மோட்டார் உண்மையில் எவ்வளவு தள்ளுகிறது என்று பாருங்கள். அட்டையில் மணிக்கு 1500 லிட்டர் என்று போட்டிருப்பது உயரமே இல்லாமல் அளந்த கணக்கு. கீழ்த்தொட்டியில் மோட்டாரை வைத்து, மேல்தொட்டி உயரத்தில் குழாயின் வாயைப் பிடித்து, 10 லிட்டர் வாளியை நிரப்புங்கள். 36 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 1000 லிட்டர். 51 விநாடி என்றால் 700.

நம் கணக்குத் தொட்டியில் ஏறத்தாழ 180 லிட்டர் தண்ணீர். மணிக்கு 700 லிட்டர் ஓடினால் முழுத் தண்ணீரும் மணிக்கு நான்கு முறை ஃபில்டரைக் கடக்கிறது. வீட்டு மீன்களுக்கு அது போதும். இந்த ஓட்டத்துக்கு ஒரு இன்ச் பைப் சரியான அளவு. உள்ளே தண்ணீர் விநாடிக்கு 35 செ.மீ. அளவில் நகரும், குமிழியை இழுத்துக்கொண்டு போகும். இத்தனை எல்போக்களைக் கடக்க உள்ளுக்கும் வெளிக்கும் 5, 6 செ.மீ. மட்ட வித்தியாசம் வேண்டியிருக்கும். ஓட்டத்தை 1000 ஆக்கினால் வித்தியாசம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஓட்டம் இரட்டித்தால் வித்தியாசம் நான்கு மடங்கு என்பது இதன் கணக்கு. அதனால்தான் சின்னப் பைப்பில் பெரிய மோட்டாரை மாட்டும்போது தண்ணீர் திடீரென்று விளிம்புவரை ஏறிவிடுகிறது.

டீக்குப் பிறகு கீழே இறங்கும் பைப்பை மட்டும் ஒரு அளவு கூட்டி ஒண்ணேகால் இன்ச் போடுங்கள். அங்கே தண்ணீரும் காற்றும் சேர்ந்து இறங்குகின்றன, இடம் வேண்டும்.

கடையில் என்னென்ன கேட்டு வாங்க வேண்டும்?

ஒரு இன்ச் எல்போ ஏழு என்று கேட்டாலே ஹார்டுவேர் கடைக்காரர், "மேல் டேங்க் வேலையாண்ணே? வெள்ளையா, கிரேயா?" என்பார். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் வேண்டும். விவசாயத்துக்குப் போடும் கிரே பைப், வீட்டு பிளம்பிங்குக்கான வெள்ளை யூபிவிசி, சுடுதண்ணீருக்கான சந்தன நிற சிபிவிசி, மூன்றிலும் 'ஒரு இன்ச்' உண்டு. மூன்றின் வெளி விட்டமும் வேறு. ஒன்றில் ஒன்று பொருந்தாது, அல்லது பொருந்தியது போல் நின்று காற்றை விடும். பைப்பும் ஃபிட்டிங்கும் ஒரே வகையில், ஒரே கடையில் வாங்கி, கடையிலேயே ஒன்றைச் செருகிப் பார்த்துவிடுங்கள். நான் வெள்ளை யூபிவிசிதான் சொல்வேன். குடிதண்ணீருக்குப் போடுகிற பைப், மீனுக்கும் பயமில்லை.

எல்போ ஏழு, டீ ஒன்று, ஒரு இன்ச்சிலிருந்து ஒண்ணேகாலுக்கு ஒரு ரெடியூசர் (அளவு மாற்றும் இணைப்பு), உள்வாய்க்கு இரண்டு இன்ச்சுக்கு விரிகிற ஒரு ரெடியூசர், பைப் பத்தடி, பைப் ஒட்டும் சொல்யூஷன் சின்ன டப்பா, ஆக்ஸா பிளேடு, உப்புத்தாள். மீன் கடையில் ஏர் ட்யூப் ஒரு மீட்டர், அதற்கான பிளாஸ்டிக் கனெக்டர், ஒரு பக்கம் மட்டும் விடுகிற செக் வால்வு. மெடிக்கலில் 50 மி.லி. சிரிஞ்ச், ஊசி வேண்டாம்.

எல்போ மிச்சம் பிடிக்கலாம் என்று பைப்பை நெருப்பில் காட்டி வளைக்காதீர்கள். பைப் நசுங்கும், புகையும் நல்லதல்ல.

ஒட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஒட்டாமல் எல்லாவற்றையும் ஒருமுறை செருகித் தொட்டியின் மேல் மாட்டிப் பாருங்கள். ஸ்கெட்ச் பேனாவால் மூட்டுக்கு மூட்டுக் கோடு போட்டுக்கொண்டால் ஒட்டும்போது திருகிப் போகாது. விளிம்பில் கண்ணாடிப் பட்டை ஒட்டிய தொட்டி என்றால் கவிழ்த்த யு அதையும் தாண்டிப் போகிற அகலத்தில் இருக்க வேண்டும்.

சைஃபன் மூட்டுகளில் பிளம்பருக்கும் பழக்கமில்லாத விஷயம் ஒன்று உண்டு. நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிற பகுதியில் உள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அங்கே மூட்டு சரியில்லாவிட்டால் தண்ணீர் ஒரு சொட்டுகூட வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். கண்ணுக்குத் தெரியாத கசிவு. பைப் காய்ந்து, பார்க்க அழகாக இருக்கும், ஆனால் இரண்டு நாளுக்கு ஒருமுறை சைஃபன் அறும். அதனால் உச்சி வளைவின் இரண்டு எல்போவையும் அவற்றின் கால்களையும் சொல்யூஷன் தாராளமாகத் தடவி, செருகி, கால் சுற்றுத் திருகி, அரை நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள்.

உள் யு முழுக்கத் தண்ணீருக்குள் இருப்பதால் அங்கே இறுக்கமாகச் செருகினாலே போதும். ஒட்டாமல் விட்டால் கழற்றிக் கழுவலாம். வெளி யுவின் மூட்டுகள் தண்ணீரை வெளியே விடக்கூடியவை, ஆகவே ஒட்டவேண்டும். டீ நிற்கிற குத்துப் பைப்பை மட்டும் கடைசிவரை ஒட்டாதீர்கள். இரண்டு மூன்று நீளத்தில் துண்டு வெட்டி, ஓடவிட்டுப் பார்த்து, எந்த உயரத்தில் சத்தமில்லாமல் ஓடுகிறதோ அதை ஒட்டுங்கள்.

உச்சி வளைவின் ஆக உயரமான இடத்தில் ஏர் கனெக்டரைவிடக் கொஞ்சம் சின்னத் துளை போட்டு, கனெக்டரை இறுக்கித் திணித்து, சுற்றிலும் எம்-சீல் பூசுங்கள். எல்லாம் ஒரு முழு நாள் காயட்டும். பிறகு பச்சைத் தண்ணீர் விட்டு அலசி, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தொட்டியில் மாட்ட வேண்டும்.

முதல்முறை காற்றை எப்படி எடுப்பது? வாயால் உறிஞ்சலாமா?

சிரிஞ்ச் இருக்கும்போது வாய் எதற்கு? மீன் தொட்டித் தண்ணீர் வயிற்றுக்குள் போவது நல்லதில்லை.

பைப்பைத் தொட்டியில் மாட்டி, உள்வாய் மூழ்கும்வரை தண்ணீர் விடுங்கள். வெளி டீயின் மேல்வாய் வழியே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி வெளி யுவை நிரப்புங்கள். உச்சியிலிருந்து வரும் ஏர் ட்யூபில் செக் வால்வை மாட்டுங்கள். காற்று பைப்பிலிருந்து வெளியே வரவேண்டும், திரும்பப் போகக்கூடாது, அந்தத் திசையில். பிறகு சிரிஞ்சால் இழுங்கள். இழுத்துக் கழற்றி, காற்றைத் தள்ளி, மறுபடி மாட்டி இழுக்க வேண்டும். முதலில் சுலபமாக வரும். தண்ணீர் இரண்டு காலிலும் ஏற ஏற பிஸ்டன் கனக்கும். ஒரு இழுப்பில் களகளவென்று சத்தம் வந்து, ட்யூபில் காற்றுக்குப் பதில் தண்ணீர் ஏறும். சைஃபன் சேர்ந்துவிட்டது. ஒரு இன்ச் பைப்பின் உச்சியில் 100, 150 மி.லி. காற்றுதான் இருக்கும், அதனால் அதிக நேரம் பிடிக்காது.

கரண்ட் போனால் என்ன ஆகும்?

மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க நிறுத்துகிற நாளும் உண்டு, கோடையில் பத்து நிமிஷம் போய்ப் போய் வருகிற நாளும் உண்டு. இந்த ஓவர்ஃப்ளோவைச் சரியாகச் செய்திருந்தால் இரண்டுமே ஒன்றுதான். மோட்டார் நின்றதும் தொட்டி மட்டம் உள்வாயின் விளிம்புவரை இறங்கி நிற்கும். இரண்டு யுவிலும் தண்ணீர் இருப்பதால் உச்சியில் காற்று புகாது. கரண்ட் வந்ததும் மட்டம் ஏறி, தானே ஓடும்.

ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. கீழிருந்து மேலே தண்ணீர் கொண்டுவரும் மோட்டார் குழாயின் வாய் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால், மோட்டார் நின்றதும் அதுவே தலைகீழ் சைஃபனாகிவிடும். குழாயின் வாய் எந்த ஆழத்தில் இருக்கிறதோ அதுவரை மேல்தொட்டித் தண்ணீரைக் கீழே இறக்கும். அரையடி ஆழத்தில் வைத்திருந்தால் 60 லிட்டருக்கு மேல். கீழ்த்தொட்டி இதைத் தாங்காது. குழாயில் உள்வாயின் மட்டத்துக்கு ஒரு செ.மீ. கீழே 4, 5 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். மட்டம் அந்தத் துளைக்கு இறங்கியதும் காற்று உள்ளே போய் அறுத்துவிடும். துளையில் பாசி அடைக்கும். தொட்டியைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் ஒரு குச்சியால் குத்திவிடுங்கள். மோட்டார் குழாயில் செக் வால்வு போட்டிருக்கிறேன், துளை வேண்டாம் என்பவர்களுக்கு: ஒரு நத்தைக் குஞ்சோ ஒரு மணலோ சிக்கினால் வால்வு மூடாது. துளை போடுங்கள்.

இனி லிட்டர். நம் தொட்டியில் ஒரு செ.மீ. என்பது சுமார் 4 லிட்டர். ஓடும்போது உள்வாயின் மேல் ஒரு செ.மீ. தண்ணீர் நின்று வழிகிறது, துளை வழியாக இன்னொரு செ.மீ. இறங்கும், பைப்புகளில் இருக்கிற தண்ணீர் ஒரு லிட்டர். மொத்தம் 9, 10 லிட்டர் கீழே வரும். கீழ்த்தொட்டி 2 அடிக்கு 1 அடி என்றால் அதில் ஒரு செ.மீ. 1.9 லிட்டர், மட்டம் 5 செ.மீ.க்கு மேல் உயரும். ஓடும்போது கீழ்த்தொட்டியில் மேலே 8 செ.மீ. காலியாக இருக்கும்படி ஒரு கோடு போட்டு, அதற்கு மேல் எந்த நாளும் தண்ணீர் ஊற்றாதீர்கள். வீட்டில் மற்றவர்களுக்கும் அந்தக் கோட்டைக் காட்டி வையுங்கள்.

சரி, சைஃபனே அறுந்துவிட்டால்? ஹால் முழுக்கத் தண்ணீரா?

இதுதான் எல்லோருக்கும் இருக்கிற பயம். நியாயமான பயம். 'நன்றாக ஒட்டினால் அறாது' என்பது பதில் ஆகாது. ஒரு இலை வாயை அடைத்தாலும் போதும். அறும் என்று வைத்துக்கொண்டே தொட்டியை அமைக்க வேண்டும்.

கீழ்த்தொட்டியைத் தடுப்புக் கண்ணாடி வைத்து அறை அறையாகப் பிரித்திருப்போம்; தண்ணீர் முதல் அறையில் இறங்கி, கடைசியில் மோட்டார் அறைக்கு வரும். சைஃபன் நின்றால் மோட்டார் தான் இருக்கிற அறையின் தண்ணீரை மட்டும்தான் மேலே அனுப்ப முடியும். மற்ற அறைகளின் தண்ணீர் தடுப்புக் கண்ணாடியைத் தாண்டி வராது. ஆகவே மோட்டார் அறையைச் சின்னதாக வையுங்கள். 30 செ.மீ.க்கு 20 செ.மீ. அறை, 15 செ.மீ. தண்ணீர் என்றால் 9 லிட்டர். அடியில் 3 செ.மீ. மோட்டாருக்கு எட்டாது, மேலே போவது 7 லிட்டருக்குக் கொஞ்சம் கூட. மேல்தொட்டியில் அது 2 செ.மீ.கூட ஏற்றாது. மேல்தொட்டியின் ஓடும் மட்டத்தை விளிம்புக்கு 4 செ.மீ. கீழே வைத்திருந்தால் ஒரு சொட்டு வெளியே வராது.

மோட்டார் வெறுமனே ஓடிச் சூடாகிக் கெட்டுப்போகலாம். மோட்டாரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் மோட்டார் அறையில் ஒரு ஃப்ளோட் சுவிட்ச் போட்டு, மட்டம் இறங்கினால் நிற்கும்படி செய்யலாம். ஆனால் சுவிட்சை நம்பி அறையைப் பெரிதாக்க வேண்டாம். எலெக்ட்ரிக் சாமான் எது வேண்டுமானாலும் மக்கர் செய்யும். அறையின் கொள்ளளவு மாறாது.

மின்சாரம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் ஒயர் பிளக்குக்குப் போகும் வழியில் பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு தொங்கல் விடுங்கள். ஒயரில் வழிகிற தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் தொட்டி வேலையைத் தொடங்கும் முன் அதைப் போடுங்கள். கையைத் தண்ணீரில் விடுவதற்கு முன் சுவிட்சை அணைப்பது பழக்கமாகட்டும்.

இரண்டு சைஃபன் வைத்தால் இன்னும் பத்திரம் இல்லையா?

பத்திரம்தான், ஆனால் இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்தால் ஓட்டம் பாதிப் பாதியாகப் பிரிந்து, இரண்டிலும் வேகம் குறைந்து, இரண்டிலும் காற்று சேரும். இரண்டாவதின் உள்வாயை ஓடும் மட்டத்தைவிட ஒரு செ.மீ. உயர்த்தி வையுங்கள். முதலாவது அடைத்து மட்டம் ஏறினால்தான் அது ஓடும். சும்மா நிற்பதால் உள்ளே தண்ணீர் கெடும். மாதம் ஒருமுறை முதல் வாயைக் கையால் அடைத்து அதை ஓடவிட்டுப் பாருங்கள்.

உச்சி வளைவில் காற்று சேர்ந்துகொண்டே இருக்கிறது. ஏன்?

உச்சியில் ஒட்டு சரியில்லாமல் இருக்கலாம். மோட்டார் அழுக்கேறி ஓட்டம் குறைந்திருக்கலாம். அல்லது வெளி டீ மிகவும் தாழ்வாக இருந்து, உள்காலில் தண்ணீர் கீழே இறங்கிவிட, மேலிருந்து அருவி போல் விழுந்து குமிழியை உள்ளே அடிக்கலாம். டார்ச் அடித்து உள்வாய்க்குள் பாருங்கள். உள்ளே தண்ணீர் விளிம்பை ஒட்டி நின்றால் சரி. நான்கு விரல் ஆழத்தில் நுரைத்துக்கொண்டிருந்தால் டீயின் குத்துப் பைப்பைக் கொஞ்சம் உயர்த்துங்கள்.

ஏர் பம்ப்பின் கல்லை உள்வாய்க்குப் பக்கத்தில் வைத்திருந்தால் அதை முதலில் எதிர்மூலைக்கு மாற்றுங்கள்.

காற்றைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருக்கவும் வழி உண்டு. தொட்டிக்குள் ஓடும் சின்னப் பவர்ஹெட்டில் (தண்ணீருக்குள்ளேயே ஓடும் மோட்டார்) காற்று உறிஞ்ச ஒரு மூக்கு இருக்கும். உச்சியின் ஏர் ட்யூபை, செக் வால்வு வழியாக, அந்த மூக்கில் மாட்டிவிட்டால் சேர்கிற காற்றை அது இழுத்துவிடும். இரண்டு மோட்டாரையும் ஒரே பிளக் பலகையில் வையுங்கள். இன்வெர்ட்டரில் ஒன்று ஓடி ஒன்று நிற்கிற நிலை வேண்டாம்.

ராத்திரி சளசளவென்று சத்தம் கேட்கிறது.

பாதிச் சத்தம் கீழே விழும் இடத்தில். இறங்கும் பைப்பின் நுனி கீழ்த்தொட்டித் தண்ணீருக்குள் 2 செ.மீ. மட்டும் மூழ்கட்டும், அதிகம் மூழ்கினால் காற்று வெளியேற முடியாமல் விட்டு விட்டுக் கொப்பளிக்கும். உள்வாயில் உறிஞ்சுகிற சத்தம் என்றால் வாய் சின்னது. இரண்டு இன்ச் ரெடியூசர் சொன்னது அதற்காகத்தான்; தண்ணீர் அகலமான விளிம்பில் மெல்லிசாக வழியும்.

கப்பிக் குட்டிகள் உள்ளே போய்விடுமே?

ரெடியூசரின் விளிம்பைச் சுற்றி ஆக்ஸா பிளேடால் 2 செ.மீ. ஆழத்துக்குப் பல் பல்லாக வெட்டுங்கள். வளர்ந்த மீன் போகாது. வெட்டின் அடிதான் இப்போது உங்கள் நீர்மட்டம் என்பதை மறக்காமல் உயரத்தை வையுங்கள். குட்டிகளுக்கு அதற்கு மேல் ஓட்டை பெரிய ஸ்பாஞ்சைச் சுற்றலாம். ஆனால் ஸ்பாஞ்ச் இரண்டு மூன்று நாளில் அடைக்கும், தினமும் பிழிய முடிந்தவர்கள் மட்டும் செய்யுங்கள். போகிற குட்டி போகட்டும், முதல் அறையில் மோட்டார் இல்லை. அங்கே பிழைத்துக் கிடக்கும், வலையால் எடுத்து மேலே விடலாம். நத்தைதான் தொல்லை. அது பைப்புக்குள்ளேயே குடும்பம் நடத்தும்.

இறங்கும் பைப்பில் ஒரு பால் வால்வு போட்டு ஓட்டத்தைக் குறைக்கலாமா?

கூடாது. குறைக்க வேண்டுமென்றால் மோட்டார் குழாயில் வால்வு போட்டுக் குறையுங்கள்.

வெயில் காலத்தில் மேல்தொட்டி மட்டம் குறையவே இல்லை, ஆனால் மோட்டார் கடமுடா என்கிறது?

ஓவர்ஃப்ளோ மேல்தொட்டி மட்டத்தை நிலையாக வைத்திருப்பதால், ஆவியாகிற தண்ணீரெல்லாம் மோட்டார் அறையில்தான் குறையும். அறையைச் சின்னதாக வைக்கச் சொன்னதன் விலை இது. சித்திரை, வைகாசி வெயிலில் தினமும் பார்த்து ஊற்ற வேண்டும். ஃபேனுக்கு நேர்கீழே தொட்டி இருந்தால் இன்னும் வேகமாகக் குறையும்.

ஊற்றுவது போர் தண்ணீர் என்றால் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கும். தினசரி ஈடுகட்ட ஆர்.ஓ. தண்ணீரோ பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ நல்லது. மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் இருக்கும். குளோரின் நீக்கும் மருந்து விட்டுப் பயன்படுத்துங்கள்.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டும்?

நாள் கணக்கு வேண்டாம். ஓடும் மட்டத்தைக் கண்ணாடியின் வெளிப்பக்கம் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். மோட்டார் அதேதான், ஆனால் தண்ணீர் கோட்டுக்கு மேலே ஏறி நிற்கிறது என்றால் பைப்புக்குள் பாசியோ உப்போ சேர்ந்திருக்கிறது. பாசிக்குப் பாட்டில் கழுவும் பிரஷை ஒரு கயிற்றில் கட்டி இழுத்தால் போதும். உப்புப் படிந்து வெள்ளையாக இறுகியிருந்தால் வினிகரில் ஒரு ராத்திரி ஊறவைத்துக் கழுவுங்கள். சோப்பு வேண்டாம்.

மாட்டியாயிற்று. நம்பி விட்டுவிட்டுப் போகலாமா?

உடனே போகாதீர்கள். முதலில் சுவிட்சை அணைத்து, தண்ணீர் இறங்கி நின்றதும் போடுங்கள். பிறகு அரைமணி நேரம் நிறுத்திப் போடுங்கள். பிறகு ஒரு ராத்திரி முழுக்க நிறுத்தி, காலையில் போடுங்கள். ஒவ்வொரு முறையும் கை படாமல் சைஃபன் தானே ஓட வேண்டும்; கீழ்த்தொட்டி மட்டம் உங்கள் கணக்கில் நிற்க வேண்டும்.

கடைசிச் சோதனை, மோட்டார் ஓடும்போதே சைஃபனை வேண்டுமென்றே அறுப்பது. செக் வால்வைக் கழற்றினால் உஸ்ஸென்று காற்று ஏறி, ஓட்டம் நிற்கும். மேல்தொட்டி மட்டம் ஏறுவதைப் பக்கத்திலேயே நின்று பாருங்கள், கை சுவிட்சில் இருக்கட்டும். மோட்டார் அறை காலியாகி மோட்டார் காற்றை உறிஞ்சும் சத்தம் கேட்கும்போது மேலே இன்னும் 2 செ.மீ. மிச்சமிருந்தால் ஊருக்குப் போகலாம். இல்லையென்றால் மோட்டார் அறையில் ஒரு செங்கல்லை வைத்துத் தண்ணீரைக் குறைத்து, மறுபடி அறுத்துப் பாருங்கள்.